கொள்ளைநோயும் எழுத்தாளன் நோக்கும்

“மனிதகுலம் கண்ணுக்குப் புலனாகாத எதிரியொன்றுடன் போராடுகின்றது” என்ற வாக்கியத்தை 2020ஆம் ஆண்டிலே கேளாதவர் எவருமிலர். நாட்டுத் தலைவர்கள் அதனைச் சொன்னார்கள். வங்கிகளின் விளம்பரங்கள் சொல்லின. பாடசாலைக் கட்டுரைப் போட்டிகளுக்கும் அதுவே தலைப்பாயிற்று. ஒரு சொற்றொடர் எல்லோர் வாயிலும் ஒரே வேளையில் வந்து அமர்ந்துகொள்ளும்போது அதனைச் சற்றே நிறுத்தி விசாரிப்பது விமர்சகனின் கடமைகளுள் ஒன்றாகும். எந்த மனிதகுலம்? போராடியவர் யார்? அப்போராட்டத்தின் செலவைத் தம் உடலால் இறுத்தவர் யார்?

சொற்றொடர் முழுப் பொய்யன்று, அரை உண்மை. 2019 டிசம்பரிலே சீனாவின் வூகான் நகரில் முதலில் இனங்காணப்பட்ட இந்நோயை உலகளாவிய கொள்ளைநோய் என உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11ஆந் திகதி குறிப்பிட்டது. அவசரநிலை முடிவுற்றதென அறிவிக்க 2023 மே 5ஆந் திகதி வரை காத்திருக்க நேர்ந்தது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் உலக அரசுகள் அறிவித்த கொவிட் மரணங்கள் ஏறத்தாழ 54 இலட்சம். அதே ஈராண்டுகளில் நோயினால் நேரடியாகவும், வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தமை போன்ற காரணங்களால் மறைமுகமாகவும் நேர்ந்த மேலதிக மரணங்களை அந்நிறுவனம் பின்னர் 1 கோடி 49 இலட்சம் என மதிப்பிட்டது. ஆக, மூன்று சாவுகளுள் ஏறத்தாழ இரண்டு எந்த அரசின் கொவிட் ஏட்டிலும் ஏறாத சாவுகள். மனிதகுலம் என்று ஒருமையிலே பேசும்போது காணாமற் போகின்றவர்கள் இவர்களே. புள்ளிவிபரம் இவர்களைத் தவறவிட்டது. இலக்கியமும் தவறவிட்டதா என்பதே இங்கு எமது வினா.

ஊரடங்கு நாள்களில் உலகெங்கும் தேடிப் படிக்கப்பட்ட நாவல் அல்பேர் காம்யு 1947இல் வெளியிட்ட ‘கொள்ளைநோய்’. இத்தாலியிலும் பிரான்சிலும் அதன் விற்பனை திடீரெனப் பெருகிற்று. அதிலே பேசப்படுவது பற்றீரியாவினால் வரும் பிளேக் நோயேயன்றி வைரசு நோயன்று. எனினும் வாயில்கள் அடைக்கப்பட்ட நகரம், பிரிந்துபோன குடும்பங்கள், நாளாந்த மரண எண்ணிக்கை, முதலில் மறுத்துப் பின்னர் திகைத்து நிற்கும் அதிகாரிகள் ஆகிய அனைத்தையும் வாசகர்கள் தம் சாளரத்துக்கு வெளியிலேயே கண்டனர்.

நம்மவருட் சிலர் காம்யுவை ஒரே வரியில் தள்ளிவிடுவதுண்டு. அது நியாயமன்று. நாவலில் வரும் கிராண் என்னும் பாத்திரத்தைப் பாருங்கள். நகரசபையிலே சொற்பச் சம்பளத்துக்கு உழலும் எழுதுவினைஞன் அவன். பகலெல்லாம் அலுவலகத்தில் இருந்துவிட்டு, மாலையிலே நோய்த்தடுப்புக் குழுக்களின் கணக்குகளைப் பதிகின்றான். கதைக்கு ஒரு வீரன் அவசியந்தான் என்றால் இவனையே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கதைசொல்லி முன்வைக்கின்றான். வைத்தியனையுமன்றிப் பாதிரியாரையுமன்றி, எண்ணிக்கை எழுதும் கீழ்நிலை ஊழியனை வீரனாகக் கண்ட அந்த நோக்கு மதிக்கத்தக்கது. கொள்ளைநோய் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையென்று பிரசங்கித்த பாதிரியார், நீதிபதியின் சிறு மகன் துடிதுடித்து இறப்பதைக் கண்ணாற் கண்ட பின்னர் அப்பிரசங்கத்தை அவ்வாறே திருப்பிச் சொல்ல முடியாது போவதும் நேர்மையான சித்திரிப்பேயாகும்.

ஆயினும் நாவலின் மையத்திலே பெரியதொரு வெற்றிடமுண்டு. கதை நிகழும் ஒரான் நகரம் பிரான்சின் ஆட்சிக்குட்பட்டிருந்த அல்ஜீரியாவிலே உள்ளது. பாரிஸிலிருந்து வரும் பத்திரிகையாளன் ராம்பேர் அராபியரின் வாழ்க்கை நிலைமைகளை விசாரிக்கவே அந்நகருக்கு வந்தவன். முழு உண்மையையும் எழுதுவதற்கு உன் பத்திரிகை இடங்கொடுக்குமா என்று டொக்டர் ரியூ கேட்கிறார். முழுமையாக எழுதவியலாது என்கிறான் அவன். அத்துடன் அவ்விடயம் முடிந்துவிடுகின்றது. அதன் பின்னர் அராபியரும் நாவலிலிருந்து மறைந்துவிடுகின்றனர். நோய் நகரெங்கும் பரவுகின்றது. ஆனால் பெயருடன் இறக்கின்ற அராபியர் ஒருவர்தானும் இல்லை. ஐரிஷ் விமர்சகர் கோனர் குரூஸ் ஓபிரையன் 1970இல் இதனைச் சுட்டிக்காட்டினார். அதற்கு முன்னரே, 1955இல், றோலண் பார்த் வேறொரு ஆட்சேபத்தை எழுப்பியிருந்தார்: நாசி ஆக்கிரமிப்பை நோயாக உருவகித்ததன் மூலம் நாவல் வரலாற்றைக் கைவிட்டது என்பது அவர் வாதம். இவ்விரு கண்டனங்களும் உண்மையில் ஒன்றையே தொடுகின்றன. நோயை எல்லோருக்கும் பொதுவான விதியின் குறியீடாக்கிய கணத்திலேயே, அது யாரை முன்னதாகக் கொல்லும் என்ற கேள்வி எழுத்தாளனுக்கு அநாவசியமாகிவிடுகின்றது. அராபியர் மறந்துபோனது தற்செயலன்று. உருவகம் அவர்களைக் கேட்கவில்லை.

காம்யுவுக்கு ஏறக்குறையப் பத்தாண்டுகள் முன்னர், லாகூர் அஞ்சலகத்திலே எழுதுவினைஞராகப் பணியாற்றிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் உருது மொழியில் ஒரு சிறுகதை எழுதினார். அவர் ராஜிந்தர் சிங் பேதி. கதையின் பெயர் ‘குவாரண்டைன்’. பின்னாளில் உருதுச் சிறுகதையின் முன்னணியில் வைத்து எண்ணப்பட்டவர் அவர். பல பக்கங்கள் நீளும் நாவல் காணாது விட்டதைச் சில பக்கங்களே கொண்ட இக்கதை கண்டுவிட்டது என்பது என் துணிபு.

கதையைச் சொல்பவர் ஒரு டொக்டர். நகரிலே பிளேக் பரவியிருக்கின்றது. மக்கள் நோயைக் காட்டிலும் தனிமைப்படுத்தல் முகாமுக்கே அதிகம் அஞ்சுகின்றனர். நோயாளியை வீட்டிலே ஒளித்து வைக்கின்றனர். பிணம் வெளியே வரும்போதே அவ்வீட்டிலும் நோய் இருந்தது தெரியவருகின்றது. டொக்டர் கடமை தவறாதவர்; ஆனால் பயந்தவர். வீடு திரும்பியதும் கிருமிநாசினிச் சவர்க்காரத்தால் உடலைத் தேய்ப்பதும் தொண்டையைக் கொப்பளிப்பதும் அவருடைய நித்திய சடங்குகள். அவருக்கு எதிரே பாகூ என்னும் துப்புரவுத் தொழிலாளி நிற்கின்றான். விடியுமுன் எழுகின்றான், மதுவைக் குடித்துக்கொள்கின்றான், தெருக்களிலும் கான்களிலும் சுண்ணாம்பு தூவுகின்றான், எவரும் தொட அஞ்சும் நோயாளிகளைத் தொட்டுத் தூக்குகின்றான். பிணங்களைக் குவித்துத் தீமூட்டியபோது அவற்றிடையே உயிருடன் ஒருவன் கிடப்பதைக் கண்டு, நெருப்பினுட் பாய்ந்து அவனை இழுத்தெடுத்துத் தன் கைகளைச் சுட்டுக்கொள்கின்றான். பின்னர் அவனுடைய மனைவியே நோய்க்கு இரையாகின்றாள். நோய் ஒருவாறு அடங்குகின்றது. நகரம் விழா எடுக்கின்றது. மாலைகளும் பணமுடிப்பும் பாராட்டுரைகளும் டொக்டருக்கு. மாலைகள் கனக்கும் கழுத்துடன் அவர் வீடு திரும்பும்போது, பாகூ தன் பழைய துடைப்பத்தை ஒருபுறம் வைத்துவிட்டு அவருக்கு வாழ்த்துச் சொல்ல வருகின்றான்.

கதை இவ்வளவே. இங்கு டொக்டர் வில்லனன்று. அவருடைய சேவையும் பொய்யன்று. ஒரே போராட்டத்தில் இருவர் பங்குபற்றினர்; ஒருவரின் பங்கு மட்டும் வரலாறாகப் பதியப்பட்டது என்பதைக் குரலுயர்த்தாமற் காட்டிவிட்டு ஆசிரியர் விலகிக்கொள்கின்றார். காம்யுவின் கிராண் எண்களை எழுதினான். அவ்வெண்களுக்குரிய உடல்களைத் தூக்கியவன் பாகூ.

பேதியின் கதையிலும் குறையுண்டு. பாகூவை நாம் டொக்டரின் கண்களாலேயே காண்கின்றோம். அவனுடைய நற்குணம் புனிதனின் நற்குணமாக, மதகுரு ஒருவரின் போதனையாற் பிறந்ததாகக் காட்டப்படுகின்றது. அவனுக்கு என்ன கூலி? அந்த வேலை தலைமுறை தலைமுறையாக ஏன் அவனுடைய சாதியின் தலையிலேயே விழுந்தது? மறுக்க அவனுக்கு வழியிருந்ததா? கதை இவற்றைக் கேட்கவில்லை. தன்னைப் புண்படுத்தாத தொழிலாளியை நேசிப்பது நடுத்தர வர்க்க வாசகனுக்கு எளிது. பாகூ சம்பள உயர்வு கேட்டிருந்தால் டொக்டரின் குற்றவுணர்வு எவ்வாறு இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது சுவையானது. 2020இல் வீட்டு மாடங்களில் நின்று கைதட்டியவர்கள் இக்கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

தனிமைப்படுத்தல் மீது மக்களுக்கிருந்த அச்சம் பேதியின் கற்பனையன்று. 1896இல் பம்பாயிலே பிளேக் தோன்றியதைத் தொடர்ந்து பிரித்தானிய ஆட்சி 1897இல் கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றியது. வீடுகளுட் படையினர் புகவும், மக்களைப் பிடித்துச் செல்லவும் அது வழிவகுத்தது. அதே 1897ஆம் ஆண்டிலேயே இலங்கையிலும் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. தோட்டங்களுக்கு ஆட்சேர்க்கப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர் மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்ட பின்னரே கடல் கடந்தனர் என்பதை மலையகத்தவர் மறந்திரார். சட்டத்தின் கண்ணுக்கு நோய் ஒரு பொருட்டு. நோயைக் காவுகின்றவன் எனச் சந்தேகிக்கப்பட்ட ஏழை அதனினும் பெரிய பொருட்டு. 2020 மார்ச் மாதத்தில் இந்தியா எடுத்துப் பிரயோகித்தது அந்த 1897ஆம் ஆண்டுச் சட்டத்தையே. நாமும் நமது 1897ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தையே எடுத்தோம். நூற்றிருபத்து மூன்று ஆண்டுகளில் விஞ்ஞானம் எத்தனையோ மாறியிருந்தது. சட்டப் புத்தகத்தில் தூசு தட்டியதே எமது அரசுகளின் முயற்சி.

இனி 1918ஐ நோக்குவோம். அவ்வாண்டின் இன்புளுவென்சா உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்களைக் கொன்றதாக மதிப்பிடப்படுகின்றது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல். இலங்கையின் இழப்பை 3 இலட்சம் அளவினதாகப் பிற்கால மக்கட்டொகை ஆய்வு கணித்துள்ளது. போரிலே ஈடுபட்ட நாடுகள் நோய்ச் செய்திகளைத் தணிக்கை செய்தன. நடுநிலை நாடான ஸ்பெயினின் பத்திரிகைகள் எழுதின. அதனால் நோய்க்கு ஸ்பானியக் காய்ச்சல் என்று பெயராயிற்று. உண்மை சொன்னவன் தலையிலே நோயின் பெயரைச் சூட்டும் இவ்வழக்கத்தைப் பின்னாளில் ‘சீன வைரசு’ என்று முழங்கிய அமெரிக்க ஜனாதிபதி புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

இத்தனை பெரிய சாவு இலக்கியத்தில் எங்கே? முதலாம் உலகப் போரைப் பற்றி நூலகங்கள் நிறைய நாவல்கள் உண்டு. அதே ஆண்டுகளின் காய்ச்சலைப் பற்றி ஆங்கிலத்தில் விரல்விட்டு எண்ணலாம். அவற்றுட் சிறந்தது கதரின் ஆன் போர்ட்டர் 1939இல் வெளியிட்ட ‘வெளிறிய குதிரை, வெளிறிய வீரன்’ என்னும் குறுநாவல். ஆசிரியை டென்வர் நகரிலே பத்திரிகையாளராக இருந்தபோது 1918இல் தாமே இந்நோயில் வீழ்ந்து சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டவர். அவர் கதைத்தலைவி மிரண்டாவை நோய்க்கு முன்னரே போர் பிடித்துக்கொள்கின்றது. போர்க்கடன் பத்திரம் வாங்காதவள் தேசத்துரோகி என்று அவளை அதட்டுகின்றனர். பின்னர் காய்ச்சல் வருகின்றது; வைத்தியசாலையில் கட்டில் இல்லை. அவளைப் பராமரித்த இளம் இராணுவ அதிகாரி நோய் தொற்றி இறக்கின்றான். போர் முடிந்த மணியோசை கேட்கும் வேளையில் அவள் பிழைத்து எழுகின்றாள். போரும் நோயும் ஒரே அமைப்பின் இரு கைகள் எனப் பிரசங்கம் எதுவுமின்றி இக்குறுநாவல் உணர்த்திவிடுகின்றது.

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களிலோ 1918ஆம் ஆண்டுக் காய்ச்சலுக்கு ஓர் அத்தியாயம் இல்லை. அம்மைநோய்க்கு நாம் ஒரு தெய்வத்தையே படைத்தவர்கள். ‘அம்மாள் வருத்தம்’ என்றும் ‘அம்மாளாச்சி’ என்றும் பயபக்தியுடன் பெயர் சொன்னவர்கள். மாரியம்மன் தாலாட்டுப் பாடியவர்கள். அறியாமையும் அச்சமும் கலந்திருந்தாலும், நோயைச் சமூகம் முழுவதும் கூடிச் சுமந்த வாய்மொழி மரபு அது. 1918இன் காய்ச்சலுக்கோ தெய்வமுமில்லை, பாட்டுமில்லை. விஞ்ஞானியே அன்று குழம்பியிருந்தான். பற்றீரியா ஒன்றே காரணம் எனப் பலர் நம்பினர். மனிதரைத் தாக்கும் இன்புளுவென்சா வைரசு 1933இலேயே பிரித்தறியப்பட்டது. காரணம் அறியப்படாத சாவைப் பற்றி எழுதுவது கடினமென்று சிலர் கூறுவர். இதனை நான் முழுதாக ஏற்கவில்லை. காரணம் தெரியாதவிடத்தும் பிணம் தெரிந்தது. நம் எழுத்து அன்று நோக்கிக்கொண்டிருந்தது வேறெங்கோ.

இந்தி மொழியில் ஒருவர் நோக்கினார். கவிஞர் சூர்யகாந்த் திரிபாதி நிராலா, இளைஞராயிருந்த காலத்திலே, 1918ஆம் ஆண்டுக் காய்ச்சலில் மனைவியையும் உறவினர் பலரையும் பறிகொடுத்தவர். தல்மௌ என்னுமிடத்திலே கங்கைக் கரையில் நின்று, ஆறு பிணங்களால் நிறைந்து கிடந்ததைக் கண்டார். பின்னர் ‘குல்லி பாட்’ என்னும் நூலிலே அதனைப் பதிந்தார். இலக்கிய மாணவர் சிலர் மட்டும் அறிந்திருந்த அப்பக்கம் 2021 மே மாதத்தில் திடீரென உயிர்பெற்றது. கொவிட்டின் இரண்டாம் அலையில், பீகாரின் பக்சார் அருகிலும் உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் அருகிலும் கங்கையிலே பிணங்கள் மிதந்து வந்தன. விறகுக்குப் பணமில்லாதோரும், இடுகாட்டில் இடங் கிடையாதோரும் ஆற்றிடம் ஒப்படைத்த உடல்கள் அவை. நகரங்களில் ஒட்சிசன் இன்றி மனிதர் வைத்தியசாலை வாசலில் மூச்சுத் திணறினர்.

அம்மாதத்திலேயே பாருல் கக்கர் என்னும் குஜராத்திக் கவிஞர் பிணங்களைச் சுமக்கும் கங்கையைப் பற்றிச் சிறு கவிதையொன்று எழுதினார். அதுவரை இசைப்பாடல்கள் எழுதிவந்தவர். எந்த இயக்கத்தையும் சார்ந்தவராக அறியப்படாதவர். கவிதை சில நாள்களில் இந்தியாவின் பல மொழிகளுக்குப் பெயர்ந்தது. குஜராத் சாகித்திய அகாதமியின் இதழ் தன் ஆசிரியவுரையில் அதனைக் கவிதையே அன்று என்றும், அதனைப் பரப்பியோரை ‘இலக்கிய நக்சலைட்டுகள்’ என்றும் சாடியது. ஆற்றில் மிதந்த பிணங்களால் அகாதமிக்குச் சங்கடம் ஏற்படவில்லை. அவற்றை ஒருவர் எண்ணியதால் ஏற்பட்டது. இலக்கியத்துக்குச் சமுதாயத்தில் வலிமையில்லை என்று சலித்துக்கொள்ளும் நம் மாணவர்கள் இந்நிகழ்ச்சியைக் கவனிக்க வேண்டும்.

விஞ்ஞானத்தைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. 1918ஐப் போலன்றி இம்முறை எதிரி யாரென்பது சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. 2020 ஜனவரி 11ஆந் திகதியளவில் சீன விஞ்ஞானிகள் வெளியிட்ட வைரசின் மரபணு வரிசையை உலகின் எந்த ஆய்வுகூடமும் எடுத்தாள முடிந்தது. அவ்வாண்டு முடியுமுன் தடுப்பூசிகள் உருவாகிவிட்டன. இவற்றுட் சிலவற்றுக்கு அடிப்படையான கண்டுபிடிப்பைக் கதலின் கரிகோ, ட்ரூ வைஸ்மன் ஆகிய இருவரும் 2005இல் வெளியிட்டிருந்தனர். ஹங்கேரியிலிருந்து புலம்பெயர்ந்த கரிகோ, ஆராய்ச்சிப் பணம் கிடைக்காமற் பதவி தாழ்த்தப்பட்டவர்; 2023இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. ‘மனிதகுலத்தின் போராட்டம்’ என்ற சொற்றொடரின் உண்மைப் பாதி இதுவே: அறிவு பல நாட்டாரின், பல தலைமுறையின், பொதுப்பணத்தின் கூட்டு விளைவு.

ஆனால் அவ்வறிவு குப்பியில் அடைக்கப்பட்டவுடன் உடைமையாயிற்று. 2021 ஜனவரி 18ஆந் திகதி உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் ஒரு கணக்கை வெளியிட்டார். செல்வ நாடுகள் 49இல் அதுவரை 3 கோடி 90 இலட்சம் தடுப்பூசிகள் ஏற்றப்பட்டிருந்தன. மிக வறிய நாடுகளுள் ஒன்றில் ஏற்றப்பட்டவை 25. இருபத்தைந்து இலட்சமன்று, இருபத்தையாயிரமன்று, வெறும் இருபத்தைந்து. காப்புரிமைகளைத் தற்காலிகமாக நீக்குமாறு இந்தியாவும் தென்னாபிரிக்காவும் 2020 ஒக்டோபரிலே உலக வர்த்தக அமைப்பில் முன்மொழிந்தன. பேச்சுவார்த்தை 2022 ஜூன் வரை நீண்டு, தடுப்பூசிக்கு மட்டுமான ஒரு குறுகிய சலுகையாகச் சுருங்கிப்போனது. அதற்கிடையில் இறக்கவேண்டியோர் இறந்துவிட்டனர்.

வேறு வழியே இருந்ததில்லை என்று கூறுவோருக்குப் பெரியம்மையின் வரலாற்றை நினைவூட்டலாம். 1958இல், பனிப்போர் உச்சத்திலிருந்த வேளையில், சோவியத் சுகாதாரப் பிரதியமைச்சர் விக்தர் ஸ்தானவ் அந்நோயை உலகிலிருந்தே ஒழிக்கலாமென உலக சுகாதாரப் பேரவையில் முன்மொழிந்தார். சோவியத் நாடு நூறு கோடிக்கும் மேற்பட்ட தடுப்பு மருந்துகளை இலவசமாக வழங்கிற்று. 1967இல் தீவிரமாக்கப்பட்ட இயக்கத்துக்கு அமெரிக்க வைத்தியர் ஒருவர் தலைமை தாங்கினார். ஒன்றையொன்று அணுகுண்டால் அச்சுறுத்திக்கொண்டிருந்த இரு வல்லரசுகளும் ஒரு வைரசுக்கு எதிராக ஒன்றுபட்டன. 1977இல் சோமாலியாவில் இயற்கையான இறுதி நோயாளி காணப்பட்டார். 1980 மே மாதத்தில் நோய் ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. கிராமம் கிராமமாக ஊசியுடன் நடந்த ஆயிரக்கணக்கான ஊழியரின் காவியம் இது. இதனைப் பாட நம் கவிஞருள் ஒருவரும் முன்வராதது, விஞ்ஞானம் கவிதைக்குப் புறம்பானது என்ற பழைய மயக்கத்தின் விளைவு என்றே கருதுகின்றேன்.

நம் நாட்டுக்கு வருவோம். 2020 மார்ச் 20ஆந் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. வீட்டிலிருங்கள், இடைவெளி பேணுங்கள் என்று வானொலி சொன்னது. தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து பறித்தல் நிற்கவில்லை. பத்தடி அறையிலே மூன்று தலைமுறை வாழும் லயத்தில் இடைவெளியை எங்கே பேணுவது? ஒக்டோபரிலே ஆடைத் தொழிற்சாலையொன்றிலிருந்து நோய் பரவியபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளப் பெண்கள் நோயாளிகளாக அன்றிக் குற்றவாளிகளாகப் பேசப்பட்டனர். விடுதி அறைகளிலிருந்து அவசர அவசரமாக பஸ்களில் ஏற்றப்பட்டனர். நவம்பர் இறுதியில் மஹர சிறைச்சாலையில் நோய் அச்சத்தின் நடுவே மூண்ட கலவரத்தில் 11 கைதிகள் மாண்டனர். கைத்தொலைபேசிக்கு அலைவரிசை தேடி மாணவர்கள் பாறையிலும் மரத்திலும் ஏறியதை ஆசிரியர்களாகிய வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. டிசம்பரிலே கேகாலையில் ஒருவர் கனவிற் கண்டதாகக் கூறிய பாணியை வாங்க ஆயிரமாயிரம் மக்கள் முண்டியடித்தனர். சுகாதார அமைச்சரே அதனை அருந்திக் காட்டினார். சில வாரங்களில் அவருக்கும் நோய் கண்டது.

இக்காலத்தில் நாம் எழுதியவை யாவை? ஓய்ந்த தெருக்களில் மயில் உலவியமை, வானம் நீலமானமை, குடும்பத்துடன் உண்ணும் இன்பம், தனிமையின் தத்துவம். நூற்றுக்கணக்கில் வந்த கவிதைகளிற் பெரும்பான்மையானவை சாளரத்தின் உட்புறத்திலிருந்து எழுதப்பட்டவை. மாதச் சம்பளம் தவறாது வந்தவர்களின் தனிமை அது. அன்றாடக் கூலிக்காரனுக்குத் தனிமை கிடைக்கவில்லை, பசி கிடைத்தது. அண்டை நாட்டிலே நான்கு மணி நேர அவகாசத்துடன் எல்லாம் மூடப்பட்டபோது, நூற்றுக்கணக்கான மைல் நடந்து ஊர் திரும்பிய தொழிலாளருள் 16 பேர், 2020 மே 8ஆந் திகதி அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அயர்ந்து உறங்கியவேளை சரக்கு இரயிலில் அடிபட்டு இறந்தனர். தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த ரொட்டிகளின் படத்தை உலகமே கண்டது. மயிலைப் பற்றிய கவிதைகளை அந்தப் படத்தின் அருகில் வைத்துப் படித்துப் பார்த்தேன். மயிலிற் குற்றமில்லை, ஆனால் படிக்க முடியவில்லை.

எல்லாவற்றினும் நமக்கு நெருக்கமான சோதனை தகனக் கட்டளை. 2020 ஏப்ரிலில், முற்கூறிய 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கொவிட்டினால் இறந்தோர் அனைவரும் எரிக்கப்படவேண்டுமென வர்த்தமானி வெளியாயிற்று. அடக்கம் செய்வதை உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருந்தது. இந்நாட்டு வைத்திய நிபுணர் பலரும் அதனால் தீங்கில்லை என்றனர். இருந்தும் ஏறத்தாழ ஓராண்டு காலம் முஸ்லிம் மக்களின் உடல்கள் அவர்தம் விருப்பத்துக்கு மாறாக எரியூட்டப்பட்டன. டிசம்பரில் பிறந்து இருபது நாளேயான குழந்தையொன்றின் உடலும் அவ்வாறு எரிந்தபின், பொறளை மயானத்தின் வேலியிலே மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினர். இங்கு நோய் ஒரு சாட்டு மட்டுமே. வைரசுக்கு இனமில்லை என்று மேடையிற் பேசியவர்களே மயானத்தில் இனம் பார்த்தனர். முஸ்லிம் கவிஞர்கள் எழுதினார்கள். வேதனையுடனும் கோபத்துடனும் எழுதினார்கள். ஏனைய தமிழ் எழுத்தாளருள் உரத்துப் பேசியோர் சிலரே. முள்ளிவாய்க்காலின் பின் இறந்தோரை நினைவுகூரும் உரிமைக்காகக் குரல் கொடுத்த நமது எழுத்து, அயலவனின் ஜனாஸாவுக்காக ஏன் தயங்கிற்று என்பதை எதிர்கால விமர்சகன் கட்டாயம் கேட்பான். நாமே முந்திக்கொண்டு கேட்பது நல்லது.

2021 பெப்ரவரி இறுதியிலே கட்டளை நீக்கப்பட்டது. ஆயினும் அவரவர் ஊரில் அடக்க அனுமதி கிடைக்கவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடிப் பகுதியில், வறண்ட ஒரு நிலம் ஒதுக்கப்பட்டது. நாட்டின் எப்பாகத்தில் இறந்தவராயினும் அங்கேயே கொண்டுவரப்பட வேண்டும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் அங்கு அடக்கப்பட்டன. முஸ்லிம்கள் மட்டுமன்றி ஏனைய சமயத்தவர் சிலரும் அவர்களுள் அடங்குவர். 2024 ஜூலையிலே அரசாங்கம் முஸ்லிம் மக்களிடம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தபோது, எரிக்கப்பட்டவர்களைப் பற்றியே பேச்செழுந்தது. ஓட்டமாவடியில் நாள்தோறும் குழி வெட்டி, மூடிய பெட்டிகளை இறக்கி, முகந்தெரியாதவர்களுக்காகத் தொழுது, மண் தள்ளிய மனிதர்கள் அப்பேச்சிலும் இடம்பெறவில்லை. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வாகனங்கள் வந்து சேர்கையில் பெரும்பாலும் உறவினர் ஒருவர் அல்லது இருவரே உடன் வந்தனர். மிகுதி உறவுக்கு அக்குழி வெட்டிகளே நின்றனர்.